இரண்டு நாணயம் சுண்டினால் 1/4-ஆ 1/3-ஆ? (நிகழ்தகவு சந்தேகங்கள், பத்தாம் வகுப்பு)

கடைசி_பெஞ்ச்

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கணக்கில் கடைசிப் பாடம் நிகழ்தகவு. சூத்திரமெல்லாம் மனப்பாடம், ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு நாணயத்தை ஒன்றாகச் சுண்டுகிறோம். இரண்டிலும் தலை விழ நிகழ்தகவு என்ன? புத்தகத்தில் 1/4. என் நண்பன் 1/3 என்கிறான். நடக்கக்கூடியது மூன்றே மூன்று என்பது அவன் வாதம்: இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. இரண்டுமே ஒரே மாதிரி ஒரு ரூபாய் நாணயம். எது முதல், எது இரண்டாவது என்று பார்த்துச் சொல்லவே முடியாது. அப்புறம் எதற்கு (தலை, பூ), (பூ, தலை) என்று ஒன்றையே இரண்டு தடவை எழுதுகிறீர்கள் என்று கேட்கிறான்.

பரீட்சையில் 1/4 என்று எழுதிவிடுவேன். அவனுக்குச் சொல்லத்தான் "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு" என்பதைத் தவிர எதுவும் இல்லை.

கட்டம்போட்டவன்

தம்பி, ஒரு நாணயத்தில் மார்க்கர் பேனாவால் சின்னப் புள்ளி வைக்கச் சொல். இப்போது எது எது என்று தெரியும், நான்கு விளைவு வரும், 1/4. புள்ளியை அழித்துவிட்டால் 1/3 ஆகிவிடுமா? நாணயம் மேலே போய்ச் சுழன்று விழுவதற்கும் நம் கண்ணுக்கு அடையாளம் தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை. உன் நண்பன் எண்ணுவது தன் கண்ணில் படுகிற வகைகளை. எண்ண வேண்டியது நாணயங்கள் விழக்கூடிய விதங்களை.

ஓய்வுபெற்ற_டீச்சர்

உன் நண்பனைக் கிண்டல் பண்ணாதே. இதே மாதிரி தடுக்கி விழுந்தவர் ஒரு பெரிய கணித மேதை. டாலம்பேர் என்று பிரெஞ்சுக்காரர். 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் "தலையா பூவா" விளையாட்டைப் பற்றி எழுதினார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு எவ்வளவு என்பது கேள்வி. அவர் இப்படி யோசித்தார்: முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, இரண்டாவது சுண்டல் தேவையே இல்லை. ஆக மூன்று விதம்தான்: தலை, பூவுக்குப் பிறகு தலை, பூவுக்குப் பிறகு பூ. அதில் இரண்டு சாதகம், எனவே 2/3. சரியான விடை 3/4.

எங்கே தப்பு? மூன்று விதம் என்பது தப்பில்லை. அந்த மூன்றுக்கும் ஒரே எடை கொடுத்ததுதான் தப்பு. "முதலிலேயே தலை" என்பது பாதி நேரம் நடக்கும். மற்ற இரண்டும் ஆளுக்குக் கால்பங்கு. 1/2, 1/4, 1/4 என்று எடை போட்டுக் கூட்டினால் அவருடைய பட்டியலிலிருந்தே 3/4 வந்துவிடும்.

உன் நண்பனுக்கும் இதே பதில். அவனுடைய மூன்று வகைப் பட்டியலை அவன் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எடை 1/4, 1/4, 1/2. "சாதகமான விளைவுகள் கீழ் மொத்த விளைவுகள்" என்ற சூத்திரம், எல்லா விளைவும் சமவாய்ப்பு உடையவை என்றால் மட்டுமே செல்லும். புத்தகத்தில் அந்த ஒரு வரி இருக்கிறது. சூத்திரத்தைக் கட்டம் கட்டி அச்சடிப்பதால் பிள்ளைகள் கட்டத்தை மட்டும் படித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிகழ்தகவுத் தாள் திருத்தும்போது நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கும்.

பரணில்_பூனை

நாளைக் கணக்குத் தேர்வில் ஒன்று நான் பாஸ், இல்லை பெயில். மொத்தம் இரண்டு, சாதகம் ஒன்று. எனவே 1/2. இந்தத் தத்துவத்தில்தான் நான் பிளஸ் டூ வரை ஓட்டினேன்.

கடைசி_பெஞ்ச்

டீச்சர், நன்றாகப் புரிந்தது. அப்போது அடுத்த கேள்வி. எது சமவாய்ப்பு, எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பகடை, நாணயம் என்றால் கேள்வியிலேயே "சீரான" என்று போட்டுவிடுகிறார்கள். போடாவிட்டால்?

கட்டம்போட்டவன்

வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொண்டு வந்து உட்கார். நிகழ்தகவுக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது.

கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நீளப் பக்கம்: ஒன்று வெறும் பக்கம், மற்றவற்றில் 1, 2, 3 புள்ளி. இரண்டையும் சேர்த்து உருட்டுகிறோம். ஒரு கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. மற்றதெல்லாம் கூட்டல். (ஊருக்கு ஊர் விதி மாறும். நான் சொல்வது எங்கள் பக்கத்து ஆட்டம்.)

விழக்கூடிய எண்கள் 1, 2, 3, 4, 5, 6, 12. மொத்தம் ஏழு. உன் நண்பன் கணக்குப்படி தாயத்துக்கு 1/7. ஆனால் தாயம் ஆடிய எந்தப் பாட்டியிடமும் கேட்டுப் பார், மூன்றும் பன்னிரண்டும் ஒரே மாதிரி விழும் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

பக்கங்களைத்தான் எண்ண வேண்டும். முதல் கட்டைக்கு 4, இரண்டாவதற்கு 4, ஆக 16 கூறுபுள்ளிகள், அதாவது விழக்கூடிய தனித்தனி விதங்கள். எழுதிப் பார்:

பன்னிரண்டு: (0,0) மட்டும். 1/16
தாயம்: (0,1), (1,0). 2/16
இரண்டு: (0,2), (2,0), (1,1). 3/16
மூன்று: (0,3), (3,0), (1,2), (2,1). 4/16
நான்கு: (1,3), (3,1), (2,2). 3/16
ஐந்து: (2,3), (3,2). 2/16
ஆறு: (3,3). 1/16

கூட்டினால் 16/16. எப்போதும் இந்தக் கூட்டலைச் செய்து பார். கூட்டுத்தொகை 1 வரவில்லை என்றால் எங்கோ எதையோ விட்டுவிட்டாய், இல்லை இரண்டு தடவை எண்ணிவிட்டாய் என்று அர்த்தம்.

இப்போது மறு உருட்டு விதியைப் பார். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம். இந்த நான்குக்கும் சேர்த்து 2+2+1+1 = 6, அதாவது 6/16. சுருக்கினால் 3/8. விதியை அமைத்தவர் யாரோ, கணக்குப் படித்தாரோ இல்லையோ, அரிதாக விழுகிற நான்கையும் பொறுக்கி எடுத்து அதற்குப் பரிசு வைத்திருக்கிறார். அடிக்கடி விழும் மூன்றுக்கு ஒன்றும் கிடையாது.

கடைசி_பெஞ்ச்

அண்ணா, சூப்பர். தாயம் 2/16 என்றால் 1/8. எட்டு தடவை உருட்டினால் ஒரு தாயம் கண்டிப்பாக விழுந்துவிடும், இல்லையா? பாட்டி வீட்டில் காயை இறக்க முடியாமல் பாதி ஆட்டம் வரை உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டம்போட்டவன்

அங்கேதான் இல்லை. எட்டு தடவைக்கு 8 × 1/8 = 1 என்றால், ஒன்பது தடவைக்கு 9/8 வந்துவிடுமே. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது. தாண்டினால் பெருக்கியதே தப்பு.

"குறைந்தது ஒன்றாவது" என்று கேள்வியில் பார்த்தால் உடனே திருப்பிப் போட்டுக்கொள்: ஒன்றுகூட விழாமல் இருக்க எவ்வளவு? ஒரு உருட்டில் தாயம் விழாமல் இருக்க 7/8. எட்டு உருட்டிலும் விழாமல் இருக்க 7/8-ஐ எட்டு முறை பெருக்கு. சுமார் 0.344. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.656. எட்டு தடவை உருட்டியும் தாயம் விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலேயே வாய்ப்பு உண்டு. உன் பாட்டி வீட்டில் நடந்தது சூனியம் இல்லை.

சராசரியாக எட்டு உருட்டுக்கு ஒரு தாயம் என்பது உண்மை. ஆனால் சில எட்டில் இரண்டு மூன்று விழும், சில எட்டில் ஒன்றுமே விழாது.

ஓய்வுபெற்ற_டீச்சர்

நிகழ்தகவு என்ற துறையே கிட்டத்தட்ட இந்தக் கேள்வியில்தான் சூடு பிடித்தது. 1654-இல் தெ மெரே என்ற சூதாட்டப் பிரியர் பாஸ்கல் என்ற கணித மேதையிடம் சில சந்தேகங்களைக் கொண்டுபோனார். பாஸ்கல் அதைப் பற்றி ஃபெர்மா என்ற இன்னொரு கணித மேதைக்குக் கடிதம் எழுதினார். அதில் ஒரு சந்தேகம்: ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். அதே கணக்கில் இரண்டு பகடையை 24 முறை உருட்டினால் இரட்டை ஆறு ஒன்றாவது விழும் என்று கட்டினால் நஷ்டம். 6-க்கு 4 என்றால் 36-க்கு 24 சரியான விகிதம்தானே, ஏன் இப்படி?

கட்டம்போட்டவன் சொன்ன வழியில் போ. முதலாவது: 5/6-ஐ நான்கு முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 671/1296, சுமார் 0.518. இரண்டாவது: 35/36-ஐ 24 முறை பெருக்கிக் கழித்தால் சுமார் 0.491. ஒன்று பாதிக்கு மேலே, இன்னொன்று பாதிக்குக் கீழே. நிகழ்தகவு இப்படி விகிதத்தில் வளராது.

வல்லைவெளி

நான் யாழ்ப்பாணம். எங்கள் வீட்டில் தாயக்கட்டை இல்லை, சோகிதான் (நீங்கள் சோழி என்பது). ஆறு சோகியைக் குலுக்கிப் போட்டு எத்தனை வாய் மேலே பார்க்கிறது என்று எண்ணுவோம். ஒன்று மட்டும் பார்த்தால் தாயம், ஒன்றும் பார்க்காவிட்டால் பன்னிரண்டு. ஒவ்வொரு சோகிக்கும் இரண்டு நிலைதான் என்பதால் கூறுபுள்ளிகள் 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. தாயத்துக்கு ஆறு வழி. ஆகவே 6/64, சுமார் 9.4 சதவீதம். சரியோ?

ஓய்வுபெற்ற_டீச்சர்

64 சரி. ஆறு வழி சரி. ஆனால் "சமவாய்ப்பு என்று எப்படித் தெரியும்" என்று தம்பி கேட்டானே, அதற்கான இடம் இதுதான். சோழியின் ஒரு பக்கம் உப்பல், மறுபக்கம் தட்டை. உப்பல் பக்கத்துக்கும் தட்டைப் பக்கத்துக்கும் பாதிப் பாதி என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. நாணயத்தில் இரண்டு முகமும் கிட்டத்தட்ட ஒரே வடிவம், பகடையில் ஆறும் ஒரே வடிவம். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் சமவாய்ப்பு என்கிறோம். ஒழுங்கு இல்லாத பொருளுக்கு ஒரே வழி, போட்டுப் பார்ப்பது. ஒன்பதாம் வகுப்பில் பட்டறிவு நிகழ்தகவு என்று படித்தது இதற்குத்தான்.

ஒரு சோழியை எடுத்துப் பல நூறு முறை போட்டு எத்தனை முறை வாய் மேலே விழுந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக்கு, 500-இல் 310 முறை என்று வைத்துக்கொள்வோம். 310/500 = 0.62. அப்போது ஆறு சோழியில் ஒன்று மட்டும் வாய் மேலே, மற்ற ஐந்தும் கீழே விழ: 6 × 0.62 × (0.38-ஐ ஐந்து முறை பெருக்கியது). கணக்குப் போட்டால் சுமார் 0.029. உங்கள் 9.4 சதவீதம் 2.9 சதவீதமாகிவிட்டது. சோழி வேறு மாதிரி, 500-இல் 190 முறைதான் வாய் மேலே என்றால் 0.38. அப்போது தாயம் சுமார் 0.209, ஐந்தில் ஒரு பங்கு.

பாதியா, பாதிக்குக் கொஞ்சம் மேலேயா கீழேயா என்பதற்குள் தாயம் 3 சதவீதத்திலிருந்து 21 சதவீதம் வரை ஊஞ்சலாடுகிறது பாருங்கள். ஆறு சோழியும் ஒரே மாதிரி என்பதும் நம் அனுமானம்தான். பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் அதுவும் போச்சு.

வல்லைவெளி

அதுதான் அம்மம்மா தன்ர சோகியை மற்றவர் தொட விடமாட்டா. இப்பத்தான் விளங்குது.

டாஸ்_பைத்தியம்

நாணயத்தையும் அவ்வளவு நம்பாதீர்கள். பெர்சி டயகோனிஸ் என்ற கணிதவியலாளர் மந்திர வித்தைக்காரராக இருந்து பேராசிரியர் ஆனவர். அவரும் இன்னும் இருவரும் 2007-இல் எழுதிய ஆய்வின்படி, கையால் சுண்டும் நாணயம் எந்த முகம் மேலே இருந்து கிளம்பியதோ அதே முகத்தோடு விழ வாய்ப்பு சுமார் 51 சதவீதம். 2023-இல் ஒரு குழு 3,50,757 முறை சுண்டிப் பார்த்ததில் 50.8 சதவீதம் வந்தது. பரீட்சைக்கு 1/2 என்றே எழுதுங்கள்.

சரி, என் கேள்வி வேறு. இந்திய அணி 2023 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் தொடங்கி 2025 மார்ச் சாம்பியன்ஸ் டிராபி இறுதிப்போட்டி வரை தொடர்ந்து 15 ஒருநாள் போட்டிகளில் டாஸ் தோற்றது. 1/2-ஐ 15 முறை பெருக்கினால் 1/32768. இவ்வளவு அரிதான விஷயம் நடந்த பிறகு அடுத்த டாஸ் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்தானே? சராசரி சரியாக வேண்டுமே.

பரணில்_பூனை

நாணயத்துக்கு ஞாபகசக்தி இருந்தால் அது ஏன் இன்னும் ஒரு ரூபாயாகவே இருக்கிறது.

கட்டம்போட்டவன்

அடுத்த டாஸ் 1/2 தான். முன்னால் நடந்தது அடுத்ததன் வாய்ப்பை மாற்றாது, இதுதான் சார்பிலா நிகழ்ச்சி. 1/32768 என்பது ஆட்டம் தொடங்கும் முன்னால், "இதோ வரப்போகும் இந்த 15 டாஸும் தோற்போம்" என்று சொல்வதற்கான நிகழ்தகவு. 14 தோற்று முடிந்த பிறகு 15-ஆவதைத் தோற்க நிகழ்தகவு வெறும் 1/2. நடந்து முடிந்ததற்கு நிகழ்தகவு ஒன்று.

இன்னொன்று. எத்தனை நாட்டு அணிகள், எத்தனை ஆண்டுகள், எத்தனை ஆயிரம் போட்டிகள். அதில் ஏதாவது ஒரு அணிக்கு எப்போதாவது இப்படி ஒரு தொடர் அமையும் வாய்ப்பு 1/32768-ஐ விட மிகவும் அதிகம். நாம் நடந்த பிறகு அந்தத் தொடரை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டு ஆச்சரியப்படுகிறோம்.

"சராசரி சரியாக வேண்டுமே" என்கிறீர்களே, அதற்கு ஜான் கெரிச் கணக்கைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் பேராசிரியர். இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கில் மாட்டிக்கொண்டு முகாமில் அடைபட்டார். பொழுது போக நாணயத்தைச் சுண்டிக் குறித்தார், 10,000 முறை. முதல் 100-இல் 44 தலை. 10,000 முடிவில் 5,067 தலை. பாதியிலிருந்து விலகல் முதலில் 6, கடைசியில் 67. எண்ணிக்கையில் விலகல் கூடியிருக்கிறது! ஆனால் விகிதம் 0.44-லிருந்து 0.5067-க்கு வந்துவிட்டது. முன்னால் குறைந்ததை நாணயம் பின்னால் ஈடுகட்டுவதில்லை. சுண்டல் பெருகப் பெருகப் பழைய விலகல் பெரிய எண்ணால் வகுபட்டுக் கரைந்துபோகிறது, அவ்வளவுதான்.

சீட்டுக்கார_அக்கா

நான் கணக்கு ஆள் இல்லை, தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் தெருவில் இருபது பேர் குலுக்கல் சீட்டு போடுகிறோம். முதல் மாதம் இருபது துண்டுச் சீட்டு சுருட்டிப் பாத்திரத்தில் போடுவோம், ஒன்றில் மட்டும் டிக் அடித்திருக்கும். ஆளுக்கு ஒன்றாக வரிசையாக எடுப்போம். யாருக்கு டிக் வருகிறதோ அவருக்குத் தொகை. ஒவ்வொரு தடவையும் சண்டை. "முன்னாடி எடுக்கிறவங்களுக்குத்தான் சான்ஸ், எங்களுக்கு வரும்போது போயிடுது" என்று கடைசியில் நிற்பவர்கள். "இல்ல, கடைசியில கொஞ்சம் சீட்டுதான் இருக்கும், அப்பதான் சான்ஸ் கூட" என்று முன்னால் நிற்பவர்கள். யார் சொல்வது சரி?

கடைசி_பெஞ்ச்

அக்கா, நான் போட்டுப் பார்க்கிறேன். டீச்சர், சரியா என்று பாருங்கள்.

முதல் ஆளுக்கு 1/20. இரண்டாவது ஆளுக்குக் கிடைக்க வேண்டுமானால் முதல் ஆளுக்குக் கிடைக்காமல் இருக்க வேண்டும், 19/20. அதற்குப் பிறகு மீதி 19 சீட்டில் ஒன்று, 1/19. பெருக்கினால் 19/20 × 1/19. பத்தொன்பது அடிபட்டு 1/20. மூன்றாவது ஆளுக்கு 19/20 × 18/19 × 1/18, மறுபடி 1/20. இப்படியே இருபதாவது ஆள் வரை அடித்துக்கொண்டே போகும் போல இருக்கிறது. எல்லோருக்கும் ஒன்றுதான்!

ஓய்வுபெற்ற_டீச்சர்

நன்றாகப் போட்டிருக்கிறாய். இரண்டு கட்சியும் ஆளுக்குப் பாதிதான் பார்க்கிறார்கள். "முன்னாடியே போய்விடும்" என்பது 19/20, "கொஞ்சம் சீட்டுதான் இருக்கும்" என்பது 1/19. இரண்டையும் பெருக்கினால்தான் முழுக் கதை. அக்கா, வரிசை எதுவானாலும் ஒன்றே. ஒரே நிபந்தனை, எல்லாச் சீட்டும் ஒரே காகிதம், ஒரே அளவு, ஒரே மாதிரி சுருட்டல்.

சீட்டுக்கார_அக்கா

அது சரி. போன வருஷம் ஒருத்தர் நகத்தால் மடிப்பு வைத்து மாட்டிக்கொண்டார். இப்போது சுருட்டுவது நான்.

கடைசி_பெஞ்ச்

கடைசியாக ஒரு சந்தேகம். இதில் வகுப்பில் பாதிப் பேருக்குக் குழப்பம். "ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்" என்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. "சார்பிலா நிகழ்ச்சிகள்" என்றாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒன்றுதானே? என் சொந்த அக்கா பதினொன்றாம் வகுப்பு, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற_டீச்சர்

ஒன்றில்லை. கிட்டத்தட்ட நேர் எதிர். விலக்கும் நிகழ்ச்சிகள் என்றால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தமே கிடையாது, பயங்கரமான சம்பந்தம் உண்டு. ஒரே உருட்டில் தாயமும் பன்னிரண்டும் சேர்ந்து விழாது. தாயம் விழுந்தது என்று உன் காதில் விழுந்த உடனே பன்னிரண்டின் வாய்ப்பு 1/16-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றைப் பற்றிய செய்தி இன்னொன்றைக் கொன்றுவிடுகிறது. இதைப் போய்ச் சார்பில்லை என்று சொல்ல முடியுமா?

சார்பிலா என்றால், ஒன்று நடந்தது என்று தெரிந்த பிறகும் மற்றதன் வாய்ப்பு அசையாமல் அதே எண்ணில் நிற்பது. சோதனை: இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவு, தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கலுக்குச் சமமா?

பிள்ளைகள் சார்பிலா என்றால் இரண்டு பகடை, இரண்டு நாணயம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒரே பகடையை ஒரே முறை உருட்டினாலும் இருக்கும். அ: இரட்டைப்படை எண், 1/2. ஆ: மூன்றின் மடங்கு, 1/3. இரண்டும் சேர்ந்தது 6 மட்டும், 1/6. பெருக்கலும் 1/6. எனவே சார்பிலா. மூன்றின் மடங்கு விழுந்தது என்று உனக்கு யாராவது சொன்னால் அது 3 அல்லது 6. இரட்டைப்படையாக இருக்க வாய்ப்பு அப்போதும் பாதிதான்.

இப்போது ஆ-வை மாற்று: மூன்றைவிடப் பெரிய எண். 4, 5, 6, நிகழ்தகவு 1/2. இரட்டைப்படையோடு சேர்ந்தது 4, 6. அதாவது 1/3. பெருக்கல் 1/4. சமமில்லை, சார்புடையவை. மூன்றைவிடப் பெரியது என்று தெரிந்தால் இரட்டைப்படையின் வாய்ப்பு 1/2-லிருந்து 2/3-க்கு ஏறுகிறது.

விலக்குவதா என்பதைக் கூறுவெளியை, அதாவது எல்லாக் கூறுபுள்ளிகளும் அடங்கிய பட்டியலை, பார்த்தே சொல்லிவிடலாம், பொதுவான புள்ளி இருக்கிறதா இல்லையா என்று. சார்பிலாவா என்பதைப் பெருக்கிப் பார்க்காமல் சொல்லக்கூடாது. உன் அக்காவிடம் இந்த இரண்டு கணக்கையும் காட்டு.

நாள்காட்டி

டீச்சர் சமவாய்ப்பு என்று ஆரம்பித்ததால் ஒரு வம்பு. நெட்டாண்டில் 53 சனிக்கிழமை வர நிகழ்தகவு என்ன என்று ஒரு கணக்கு எல்லாப் பள்ளியிலும் போடுவார்கள். 366 நாளில் 52 வாரம் போக மீதி இரண்டு நாள். அந்த ஜோடி ஞாயிறு-திங்கள், திங்கள்-செவ்வாய் என்று ஏழு விதம், அதில் சனி வருவது இரண்டு. விடை 2/7.

ஏழு ஜோடியும் சமவாய்ப்பா? நாம் வைத்திருக்கும் கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை மாறாமல் அப்படியே திரும்பும். 400 ஆண்டில் 1,46,097 நாள், அது ஏழால் மீதியின்றி வகுபடும். அந்த 400-இல் நெட்டாண்டுகள் 97. 97 ஏழால் வகுபடாது, எனவே ஏழு கிழமைக்கும் சமமாகப் பங்கு வரவே முடியாது. உட்கார்ந்து எண்ணினால் வெள்ளியில் தொடங்குபவை 15, சனியில் தொடங்குபவை 13. இந்த இரண்டு வகைக்குத்தான் 53 சனி. ஆக 28/97, சுமார் 0.2887. 2/7 என்பது 0.2857. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் போட்டால் 27/97 வரும்.

பரணில்_பூனை

உங்கள் வீட்டில் டிவி இல்லையா சார்?

ஓய்வுபெற்ற_டீச்சர்

அருமை நாள்காட்டி. தம்பி, நீ விடைத்தாளில் 2/7 என்றே எழுது. "மீதி இரண்டு நாள்களுக்கான கூறுவெளி" என்று ஏழு ஜோடியையும் எழுதிவிட்டுப் பிறகு விடைக்குப் போ. கூறுவெளிக்குத் தனி மதிப்பெண் உண்டு.

இன்னொன்று சொல்ல மறந்தேன். சீட்டுக்கட்டுக் கணக்கு. வகுப்பில் சீட்டுக்கட்டைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் நிறைய, வீட்டில் உதை விழும். அவர்களிடம் "ராசா அல்லது ஹார்ட் அல்லது சிவப்பு" என்று கேட்டால் பாவம், மூன்று நிகழ்ச்சிச் சூத்திரத்தை எழுதி ஏழு உறுப்புகளில் குறியைத் தொலைத்துவிடுகிறார்கள். கட்டு 52. சிவப்பு 26, ஹார்ட் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம், சிவப்பு ராசா இரண்டும் அடக்கம். வெளியே நிற்பது கறுப்பு ராசா இரண்டுதான். 28/52, அதாவது 7/13. எண்ண முடிகிற இடத்தில் எண்ணிவிடு, சூத்திரம் எண்ண முடியாத இடத்துக்கு.

போவதற்கு முன் உனக்கு இரண்டு கேள்வி, தாயக்கட்டையில். ஒன்று: பக்கத்து அறையில் ஆடுகிறார்கள், யாருக்கோ மறு உருட்டு கிடைத்தது என்று மட்டும் கேட்கிறது. விழுந்தது தாயமாக இருக்க நிகழ்தகவு என்ன? இரண்டு: ஒருவர் தன் முறையில் சரியாக இரண்டு மறு உருட்டு பெற்று நிற்க நிகழ்தகவு என்ன?

கடைசி_பெஞ்ச்

ஒன்று: மறு உருட்டு என்று தெரிந்துவிட்டதால் 16 புள்ளியில் 6 மட்டும்தான் மிச்சம். அதில் தாயம் இரண்டு. 2/6 = 1/3.

இரண்டு: முதல் உருட்டில் மறு உருட்டு 3/8. இரண்டாவதிலும் 3/8. மூன்றாவதில் கிடைக்கக்கூடாது, 5/8. பெருக்கினால் 45/512.

மூன்றாவதை முதலில் விட்டுவிட்டு 9/64 என்று எழுதியிருந்தேன். "சரியாக" என்ற வார்த்தையைப் பார்த்துத் திருத்தினேன்.

ஓய்வுபெற்ற_டீச்சர்

இரண்டும் சரி. 9/64 என்பது குறைந்தது இரண்டு மறு உருட்டுக்கான விடை, அதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள். 45/512-ஐ மேலே சுருக்க முடியாது, அப்படியே விடு.